பார்வைக்கும் கணக்கு உண்டு

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் தங்கச்சிமடத்து இளைஞர்கள் கூடி வேன் பேசுகிறார்கள். கொடைக்கானலா, ஊட்டியா என்று ஒரு தர்க்கம். தலைக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு. அதே வேளையில் பள்ளிவாசல் ஹவுள் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், "கல்லையும் மரத்தையும் பார்க்கவா இத்தனை காசு? அதை ஓர் ஏழைக்குக் கொடுத்தால் கபுருக்காவது வெளிச்சமாகும்" என்று முணுமுணுக்கிறார்கள். இளைஞர்களோ, "ஊர் சுற்றுவது என்ன ஹராமா? எதற்கெடுத்தாலும் மார்க்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இரு சாராரின் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் குறையும் இருக்கிறது. மலையைக் காணச் செல்வது நன்மையா, தீமையா, இரண்டுமில்லாத வெறும் பொழுதுபோக்கா? கண்ணால் பார்ப்பதும் ஒரு செயல்தானா? அச்செயலுக்கும் கணக்கு உண்டா? இவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பயணம் அடிப்படையில் முபாஹ், அதாவது ஆகுமானது. இதில் ஐயமில்லை. செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்பதைத் திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் தெளிவாக்கியிருக்கிறது. எனவே கண் பார்த்தது காற்றோடு போய்விடுவதில்லை. கை கொடுத்ததற்கும் கால் நடந்ததற்கும் கணக்கு இருப்பது போலவே கண் கண்டதற்கும் உண்டு.

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் நுட்பமான ஒரு செய்தியைக் காணலாம். பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகையைப் பற்றிப் பேசும்போது, அவனது பயணத்துக்குச் சரியான ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்கிறார்கள் இமாம்கள். ஊர்களை வெறுமனே பார்த்துக்கொண்டு போவது மட்டுமே நோக்கமாயின் அது போதாது. ஆனால் மனத்தின் சோர்வை ஆற்றிக்கொள்வது சரியான நோக்கமே என்று பிற்கால அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது அவர்கள் மனித உள்ளத்தை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்று வியக்கிறோம். இளைப்பாறல் தேவை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. கண்ணை மேயவிட்டுத் திரிவதற்கும், களைத்த உள்ளத்தைக் கழுவிக்கொள்வதற்கும் வேற்றுமை உண்டு என்றே சொன்னார்கள்.

இன்னும், மலைகள் நம் தீனுக்கு அந்நியமானவை அல்ல. மூஸா (அலை) அவர்களிடம் இறைவன் பேசியது தூர் மலையடியில். நூஹ் (அலை) அவர்களின் கப்பல் தங்கியது ஜூதி மலையில். நம் நபி (ஸல்) அவர்கள் தனித்திருந்து தியானித்ததும், முதல் வஹீ இறங்கியதும் ஹிரா குகையில். ஹிஜ்ரத்தின்போது மூன்று இரவுகள் மறைந்திருந்தது தவ்ரு மலைக் குகையில். எழுபது ஸஹாபிகளை அடக்கம் செய்த துயரத்துக்குப் பின்னும், உஹது மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஒட்டகத்தையும் வானத்தையும் பூமியையும் பார்க்கச் சொன்ன இறைவன், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்கவும் சொன்னான். ஆகவே "கல்லைப் பார்க்கவா போகிறாய்?" என்று கேட்கும் பெரியவருக்கு, "பார்க்கச் சொன்னவனே அவன்தான்" என்பதே மறுமொழி.

ஆனால் பேச்சு இத்தோடு முடிந்துவிடவில்லை. எப்படிப் பார்க்கச் சொன்னான் என்பதுதான் கேள்வி.

பாவா ஆதம் மலையின் சங்கிலிகள்

நம் தீவின் மறுகரையில் இலங்கை இருக்கிறது. அந்நாட்டின் நடுவே 2243 மீட்டர் உயரத்தில் கூம்பு போல் நிற்கும் ஒரு மலையைத் தமிழர்கள் சிவனொளிபாதமலை என்கிறார்கள். சிங்களவர்கள் ஸ்ரீபாத என்கிறார்கள். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். உச்சியில் பாறையில் உள்ள பள்ளத்தை ஒவ்வொரு சாராரும் தத்தம் நம்பிக்கைப்படி ஒரு பாதச்சுவடாகக் கருதி வந்திருக்கிறார்கள். ஆதம் (அலை) அவர்கள் எவ்விடத்தில் இறக்கப்பட்டார்கள் என்பதைத் திருமறை குறிப்பிடவில்லை. செரந்தீப் என்று வரலாற்றறிஞர் பலர் சொன்ன செய்திகள் உண்டு. அவற்றை ஈமானின் அங்கமாக்க வேண்டியதில்லை, ஏளனம் செய்யவும் வேண்டியதில்லை. நம் இராமேசுவரத்தில் ஆபில் காபில் தர்காவும், தனுஷ்கோடிக்கு அப்பால் ஆதம் பாலம் என்று பெயர் பெற்ற மணல் திட்டுகளும் இருப்பதால் இப்பேச்சு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புதிதல்ல.

1344-ஆம் ஆண்டு அம்மலையில் ஏறியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. மாலத்தீவிலிருந்து கடல்வழியே வந்து, புத்தளத்தில் இறங்கி, அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது முத்தும் இரத்தினமும் அல்ல. அம்மலைக்குச் செல்ல வழித்துணையையே கேட்டார். மலைக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. மாமா வழி எளிது. பாபா வழி கடினம். எளிய வழியில் ஏறியவரை மலை கண்டவராகவே அங்குள்ளோர் மதிப்பதில்லை என்கிறார் அவர். செங்குத்தான பாறைகளில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் தொங்கின. அவை பத்து. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். ஏன் தெரியுமா? அங்கிருந்து கீழே பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வாய் தானாகக் கலிமாவைச் சொல்லுமாம்.

கலிமாவைச் சொல்ல வைத்தது எது? உச்சியின் அழகா? இல்லை. கீழே தெரிந்த பள்ளம். தன் உயிர் ஒரு வளையத்தில் தொங்குகிறது என்று கண்ட அந்தக் கணம். வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதும் நம் உயிர் அவ்வாறே தொங்குகிறது, தெரிவதில்லை, அவ்வளவே. தெரியாததைத் தெரியச் செய்வதே மலையின் பாடம்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் ஷீராஸில் வாழ்ந்த ஷெய்கு அபூ அப்தில்லாஹ் இப்னு கஃபீஃப் அவர்கள் முப்பது ஃபக்கீர்களோடு அம்மலையை நோக்கிச் சென்றார்களாம். வழி தப்பியது, பசி வாட்டியது. அங்கே திரிந்த யானைக் குட்டி ஒன்றைப் பிடித்து அறுத்துத் தின்ன அனுமதி கேட்டார்கள். ஷெய்கு கூடாதென்று தடுத்தார்கள். பசி மிகுந்தபோது அவர் சொல்லை மீறி அறுத்துத் தின்றுவிட்டார்கள். அன்றிரவு யானைகள் கூட்டமாக வந்தன. உறங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்தன, தின்றவர்களைக் கொன்றன. ஷெய்கை முகர்ந்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை அவரைத் தன் முதுகில் ஏற்றி ஆட்கள் வாழும் இடத்தில் கொண்டு வந்து இறக்கிவிட்டதாம்.

இது நடந்த வரலாறா, வழிவழியாக வந்த கதையா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. இதன் உட்பொருளைப் பாருங்கள். அவர்கள் சென்றது நல்ல நோக்கத்தோடு. நிய்யத்தில் குறையில்லை. ஆயினும் அக்காட்டின் குடிகளுக்கு இழைத்த அநியாயத்தை அந்த நல்ல நிய்யத்து மூடி மறைக்கவில்லை. நாம் பார்க்கச் செல்லும் இடம் யாரோ ஒருவரின் வீடு. அந்த வீட்டாருக்கு உரிமை உண்டு. அவர்கள் பேசத் தெரியாத பிராணிகளாக இருந்தாலும் உண்டு.

கொடைக்கானலில் கண் காணாதவை

இனி நம் இளைஞர்கள் செல்லும் கொடைக்கானலுக்கு வருவோம். மதுரை, வத்தலக்குண்டு வழியே மலையேறி, ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தை அடைகிறோம். ஊருக்குச் சற்று முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி. எல்லா வேன்களும் அங்கே நிற்கும். பின்னர் ஏரி. "ஸுப்ஹானல்லாஹ், இயற்கையின் அழகு!" என்கிறோம். சொல்வது நன்றே. ஆனால் அந்த ஏரி மனிதன் கட்டியது என்பதை எத்தனை பேர் அறிவோம்? மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு என்ற ஆங்கிலேயர் 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி, நட்சத்திர வடிவில் தண்ணீரைத் தேக்கினார். அந்த ஏரி நிரம்பி வழியும் நீரே நாம் வழியில் கண்ட வெள்ளி நீர்வீழ்ச்சி. மேலே ஏரியில் எறிந்த எச்சில் பொட்டலம் கீழே நாம் படம் பிடித்த அருவியில்தான் வந்து சேரும்!

அதே மலையில் பாம்பாறு சோலையின் விளிம்பில் 1980-களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பும் வேலை. பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியானதும், 2001-இல் அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் தங்கள் உடல்நலக் கேட்டுக்கு நியாயம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல். அந்த ஆண்டுகள் முழுவதும் இலட்சக்கணக்கானோர் அம்மலைக்கு வந்து, "என்ன சுத்தமான காற்று!" என்று சொல்லிச் சென்றார்கள். பார்த்தார்கள், ஆனால் கண்ணுக்கு அழகாக இருந்ததை மட்டும் பார்த்தார்கள்.

மலையில் பள்ளமும் உண்டு. தூண் பாறைகளுக்கு அருகே, மரவேர்கள் பின்னிக் கிடக்கும் பாறை இடுக்குகளைக் குணா குகை என்கிறார்கள். பலர் விழுந்து மாண்ட இடம். 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர் கூட்டத்தில் ஒருவர் தவறி உள்ளே விழுந்தார். அதற்குமுன் விழுந்தவர் எவரும் திரும்பியதில்லை என்றே அங்கு பேசினார்கள். நண்பர்கள் விட்டுப் போகவில்லை. அவர்களுள் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருளுக்குள் தாமே இறங்கி, நண்பரை உயிரோடு மேலே கொண்டு வந்தார். மத்திய அரசு அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கியது. 2024-இல் அச்சம்பவம் மலையாளத் திரைப்படமாகவும் வந்து, அதன் பின் அவ்விடத்தைக் காணக் கூட்டம் பெருகியது.

ஓர் உயிரை வாழவைப்பவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பது திருமறையின் போதனை. இறங்கியவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் அச்செயல் அந்தப் போதனைக்கு விளக்கமாக அமைந்ததை மறுக்க முடியுமா? நம் இளைஞர்கள் அந்தக் குகையைப் பார்க்கிறார்கள். பார்த்துத் திரும்புவது பள்ளத்தையா, இறங்கிய மனத்தையா?

கடற்கண் என்றொரு ஏரி

தொலைவில் ஐரோப்பாவில் போலந்து என்ற நாடு இருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கே போஹொனிகி, க்ருஷினியானி என்னும் சிற்றூர்களில் 17-ஆம் நூற்றாண்டில் அரசன் கொடுத்த நிலத்தில் தாத்தாரிய முஸ்லிம்கள் குடியேறினார்கள். மரத்தால் கட்டிய அவர்களின் பள்ளிவாசல்கள் இன்றும் இருக்கின்றன. அதே நாட்டின் தென்கோடியில் தாத்ரா என்னும் மலைத்தொடர். அங்கே ஏறத்தாழ 1395 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரிக்குப் பெயர் 'கடற்கண்'. மலைக்கு அடியில் சுரங்கம் போல் வழியோடி அந்த ஏரி கடலோடு சேர்ந்திருக்கிறது என்று பழங்கதை சொன்னார்களாம். கடலோரத்தில் பிறந்த நமக்கு அப்பெயரைக் கேட்டதும் உள்ளம் துள்ளுகிறது. மலையில் இருப்பவன் கடலை நினைக்கிறான்; கடலில் இருப்பவன் மலையை நினைக்கிறான். இல்லாததை நாடும் இந்த ஏக்கத்தை மனிதனுக்குள் வைத்தவனும் இறைவனே.

தாத்ரா மலைக்கு ஆண்டுதோறும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். மலையோ சிறியது. ஆகவே குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, பூவைப் பறிக்கக் கூடாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டு 22 அன்று காலையில் வானம் தெளிவாக இருந்ததை நம்பிப் பலர் கியெவொந்து என்ற சிகரத்தில் ஏறினார்கள். பிற்பகலில் இடி இறங்கியது. உச்சிக்கருகே பிடித்து ஏறுவதற்கென்று அமைத்த இரும்புச் சங்கிலிகளின் வழியே மின்சாரம் பாய்ந்தது. அங்கே இறந்த நால்வரில் இருவர் குழந்தைகள். காயமடைந்தோர் நூற்றைம்பதுக்கும் மேல். பாவா ஆதம் மலையில் கலிமாவை நினைவூட்டிய அதே சங்கிலி! பிடித்து ஏறுவது சங்கிலியை. காப்பவன் வேறு ஒருவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் அந்த ஊரார் விதியைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 1909-ஆம் ஆண்டு பனிச்சரிவில் ஒரு புகழ்பெற்ற இசைவாணர் மாண்டபின், ஸகோபானே என்ற ஊரில் மலை மீட்புத் தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். அது நூறாண்டைக் கடந்தும் இயங்குகிறது. 2019-இல் காயம்பட்டவர்களை இறக்கிக் கொண்டு வந்ததும் அவர்களே. நம் ஃபிக்ஹில் இதற்கு ஃபர்ளு கிஃபாயா என்று பெயர். சிலர் செய்தால் எல்லார் மீதிருந்தும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். கடலில் படகு திரும்பாவிட்டால் நம் மீனவர்கள், யார் எவர் என்று பாராமல் தேடிப் புறப்படுகிறார்களே, அதுவும் இதுதான்.

நாமும் பார்க்கப்படுகிறோம்

இவ்வளவையும் பிற ஊர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பானேன்? நம் தீவே ஒரு பார்வைத் தலமன்றோ! பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்ப்பவர்கள், பேக்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவகத்துக்கு வருபவர்கள், தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நம் ஊர்ச் சாலையைக் கடந்து செல்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் பேரலையும் தனுஷ்கோடியை அழித்தன. ரயிலோடு மக்கள் மாண்டார்கள். அங்கிருந்து உறவுகளை இழந்து வந்தவர்கள் நம் தெருக்களில் வாழ்ந்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்டபின், இடிந்த அந்தச் சுவர்களில் சாய்ந்து சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் வருகிறவர்கள். சுவரில் பெயரைக் கிறுக்குகிறார்கள். தின்ற காகிதத்தை அங்கேயே போடுகிறார்கள்.

அதைக் காணும்போது நம் பெரியவர்களுக்கு நெஞ்சு எரிகிறதல்லவா? "இது எங்கள் மய்யித்துகள் கிடந்த மண்" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? பூமியில் சுற்றி, முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை பல இடங்களில் ஏவுகிறது. தனுஷ்கோடி அப்படிப் பார்க்க வேண்டிய இடம். பார்த்துச் சிரிப்பவனும் பார்க்கிறான். பார்த்துப் பெருமூச்செறிபவனும் பார்க்கிறான். இருவர் கண்ணும் ஒன்றே, கணக்கு வேறு.

தனுஷ்கோடியில் நமக்கு வலிப்பது, கொடைக்கானல் மலைவாசிக்கும் வலிக்கும். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும்வரை ஈமான் நிறைவடையாது என்று கற்ற நாம், நம் ஊரில் பிறர் செய்யக் கூடாதென்று எண்ணுவதைப் பிறர் ஊரில் செய்யலாமா? நிழலிலும், நடைபாதையிலும், நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்தார்கள். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள். மலையில் நாம் செய்வது என்ன?

கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இன்றி வண்டிகள் செல்லக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று அளவும் வைத்தது. மலைக்கு வாயிருந்தால் தானே சொல்லியிருக்கும். நீதிமன்றம் அதற்காகச் சொன்னது. இதை வெறும் அரசாங்கக் கெடுபிடியென்று எண்ணிக் குறுக்கு வழி தேடுவது முஃமினுக்கு அழகல்ல.

ஒரு மூதாட்டியின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சிறுவன் நம்மிடம் வந்தான். "ஆலிம்சா, எங்க உம்மம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். அவன் சொன்ன விவரம் இது. அந்த அம்மையார் பூக்கட்டிப் பிழைப்பவர். நம் ஊர் மல்லிகை நாற்று பல ஊர்களுக்கும் போகிறது; ஆனால் அவர் மதுரைக்கு அப்பால் சென்றதில்லை. மலை என்றால் எப்படியிருக்கும் என்று கண்ணால் கண்டதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பதினாறாயிரம் ரூபாய் வைத்திருக்கிறார். கண்ணில் புரை விழுந்து வருகிறது. பார்வை மங்குமுன் ஒரு மலையைப் பார்த்துவிட ஆசை. மகன்களிடம் சொன்னால், "உம்மா, உங்களால் ஏற முடியாது. இந்த வயதில் எதற்கு? அதை தர்மம் செய்யுங்கள்" என்கிறார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். "இப்படி ஆசைப்படுவது குற்றமா என்று கேட்டு வா" என்று பேரனை அனுப்பியிருக்கிறார்.

சகோதர சகோதரிகளே! இக்கேள்வி நம்மைச் சில நாட்கள் உறங்கவிடவில்லை. அந்த மகன்கள் மூன்று முறை கொடைக்கானல் சென்று வந்தவர்கள்! ஹவுள் ஓரத்துப் பெரியவர் சொன்ன அதே வாதத்தை இவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பெற்ற தாய்க்கு மட்டும் சொன்னார்கள். தர்மத்தின் பெயரால் நாம் அடிக்கடி பிறர் ஆசையைத்தான் வெட்டுகிறோம். நம் ஆசைக்கு வேறு பெயர் கொடுத்துவிடுகிறோம்.

அந்தத் தொகை ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போதுமானதன்று. ஆகவே அவை அவர் மீது கடமையாகவில்லை. அவருக்குக் கடனில்லை. தர்மம் செய்வது சிறப்பே. ஆனால் அது அவர் விருப்பம், மகன்களின் கட்டளையன்று. தம் உழைப்பில் சேர்த்த ஹலாலான பணத்தை, இறைவன் பார்க்கச் சொன்ன ஒன்றைப் பார்ப்பதற்கு ஒரு பெண் செலவிட்டால் அது இஸ்ராஃப் ஆகாது. கடன் வாங்கி, வட்டி கட்டி, ஊர் மெச்ச வேண்டுமென்று போவதே இஸ்ராஃப். பார்வை ஓர் அமானத்து. அது திரும்பப் பெறப்படும் வேளையில், அமானத்தைத் தந்தவனின் படைப்பைக் கண்டு விடைகொடுக்க விரும்பும் கண்ணைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

"ஏற முடியாது" என்பதும் சரியன்று. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய சாலை சமதளம். கோக்கர் நடைபாதை என்று 1872-இல் அமைத்த வழி ஒன்று மலைச்சரிவை ஒட்டி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. கைத்தடியும் மகனின் தோளும் இருந்தால் போதும். ஆகவே சிறுவனிடம் இவ்வாறு சொல்லி அனுப்பினோம்: "உம்மம்மாவின் ஆசையில் குற்றமில்லை. அவர் பணம் அவரிடமே இருக்கட்டும். உன் மாமுமார்கள் அவரை அழைத்துச் செல்லட்டும். அது அவர்களின் கடமை. புரையைப் பற்றி முதலில் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு இன்று எளிய அறுவை சிகிச்சை உண்டு." வைத்தியத்தை நினையாமல் ஃபத்வாவை மட்டும் கொடுப்பது ஆலிமுக்கு அழகன்று என்றே இதையும் சேர்த்தோம்.

நிழலைக் கண்டு மயங்காதீர்

அந்தக் கோக்கர் நடைபாதையில் சில வேளைகளில் ஒரு விந்தை நிகழும். முதுகுக்குப் பின்னால் கதிரவன் இருக்க, எதிரே பள்ளத்தில் மேகம் நிரம்பியிருந்தால், நிற்பவனின் நிழல் அந்த மேகத்தில் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். நிழலோ பூதம் போல் பெரிதாகத் தெரியும். ஜெர்மனியில் பிராக்கன் என்ற மலையில் இதை முதலில் விவரித்ததால் அறிவியலார் அம்மலையின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றிய வளையமே தெரியும். அடுத்தவர் தலையைச் சுற்றியது தெரியாது. அருகிலிருக்கும் மேகத்தில் விழுந்த நிழலைத் தொலைவிலிருப்பதாகக் கண் தவறாகக் கணிப்பதால் அது பெரிதாகத் தோன்றுகிறது.

இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமா? மலையேறிய மனிதன், "நான் வென்றேன், நான் கண்டேன்" என்கிறான். தன் தலையைச் சுற்றி மட்டும் ஒளி வளையத்தைக் காண்கிறான். மேகம் விலகினால் நிழலுமில்லை, வளையமுமில்லை. பூமியில் செருக்கோடு நடக்கும் மனிதன் பூமியைப் பிளக்கவும் மாட்டான், உயரத்தில் மலைகளை எட்டவும் மாட்டான் என்ற எச்சரிக்கை, பார்வைக்குக் கணக்கு உண்டென்று சொன்ன அதே அத்தியாயத்தில் அடுத்தாற்போல் வருவதைக் கவனிக்க வேண்டும். வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானத்தை மனிதன் சுமந்தான் என்றும் திருமறை சொல்கிறது. நாம் அண்ணாந்து பார்க்கும் மலை, நம் தோளிலுள்ள சுமையைக் கண்டு அஞ்சிய மலை. அதன் முன் நின்று செருக்குக் கொள்வதா, நடுங்குவதா?

ஆகவே நம் இளைஞர்கள் போகட்டும். தடுக்காதீர்கள். ஆனால் இ-பாஸ் எடுத்துப் போகட்டும். வக்து தவறாமல் தொழட்டும். ஷாஃபிஈகளுக்கு ளுஹரையும் அஸ்ரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகையும் உண்டே, களாச் செய்ய என்ன காரணம்? கொண்டு போன பையிலேயே குப்பையைத் திருப்பிக் கொண்டு வரட்டும். வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பால் நிற்கட்டும்; அழிவில் தன்னைத் தானே போட்டுக்கொள்வது வீரமன்று. வழியில் கடலை விற்கும் பெண்ணிடம் பேரம் பேசி அவள் வயிற்றில் அடிக்காமல் இருக்கட்டும். வேனில் ஓர் இருக்கையை வீட்டிலுள்ள ஒரு முதியவருக்கு ஒதுக்கட்டும். பெண்களும் பிள்ளைகளும் பார்க்காத மலையை ஆண்கள் மட்டும் பார்த்து வந்து கதை சொல்லும் வழக்கம் மாறட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அந்தக் காசை ஏழைக்குக் கொடு" என்று சொல்வதற்கு முன், நாம் நம் காசை எங்கே செலவிடுகிறோம் என்று பார்ப்போம். கல்யாணப் பந்தலில் கொட்டும் பிரியாணிக்குக் கேட்காத கணக்கை, கண்ணுக்கு விருந்தாகும் மலைக்கு மட்டும் கேட்பது நீதியாகுமா?

வல்ல அல்லாஹ், அவனுடைய படைப்பைப் பார்க்கும் கண்ணையும், பார்த்ததில் பாடம் பெறும் இதயத்தையும், நாம் சென்ற இடத்தாருக்குத் தீங்கு செய்யாத கைகளையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! மங்கும் கண்களுக்கு ஒளியையும், மங்காத கண்களுக்கு நன்றியையும் அருள்வானாக! ஆமீன்.